யாருக்காகச் செய்கிறோம் என்று தெரிந்த நாள்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

லேப் டெக்னீஷியன்

வேலைக்கும் வாழ்க்கைக்கும் ஒரு நோக்கம் வேண்டும் என்றால், தனியாக உட்கார்ந்து யோசி என்கிறார்கள். எனக்கு யோசித்து எதுவும் கிடைத்ததில்லை. ஓர் அம்மாவோடு நின்று பேசிய சில நிமிடங்களில் கிடைத்தது. உங்களுக்கும் அப்படி ஒரு சந்திப்பு இருந்தால் சொல்லுங்கள். முதலில் என்னுடையது.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நோயாளியின் முகம் எங்களுக்குத் தெரியாது. ஊதா மூடி போட்ட டியூப், மேலே பார்கோடு, ஒரு வயது, ஒரு வார்டு எண், அவ்வளவுதான். டியூப் மெஷினுக்குள் போகும், திரையில் எண்கள் வரும், சரிபார்த்து அனுப்பிவிட்டு அடுத்ததை எடுப்போம்.

ஒரு நாள் காலையில் கவுன்டரில் ஆள் இல்லை என்று நான் போய் நின்றேன். ஓர் அம்மா வந்து, "தம்பி, என் பையனோட கவுன்ட் வந்துடுச்சா?" என்று கேட்டார். ரிசல்ட் நேராக வார்டுக்கே போய்விடும், நீங்கள் இங்கே நிற்க வேண்டாம் அம்மா என்றேன். "தெரியும்ப்பா. அது வந்தாத்தான் இன்னைக்கு மருந்து ஏத்துவாங்களா, அடுத்த வாரம் வரச் சொல்லுவாங்களான்னு தெரியும். அங்க உக்கார முடியல, அதான் இங்க வந்தேன்" என்றார்.

பையனுக்கு ரத்தப் புற்றுநோய். வெள்ளணுக்களும், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டும் போதுமான அளவுக்கு ஏறாவிட்டால் பெரும்பாலும் கீமோவைத் தள்ளிப்போடுவார்கள். இதெல்லாம் படிக்கும்போதே தெரிந்ததுதான். ஆனால் அந்த எண்ணுக்காக ஒருவர் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பார் என்பது அதுவரை மனசில் தைக்கவில்லை.

உள்ளே வந்தால், அந்தப் பையனின் பிளேட்லெட் குறைவு என்று மெஷின் காட்டியிருந்தது. இப்படி வந்தால் ஒரு துளியை ஸ்லைடில் தேய்த்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். சிலருடைய ரத்தத்தில், உறையாமல் இருப்பதற்காக டியூபில் போட்டிருக்கும் இடிடிஏ என்ற ரசாயனம் பட்டதும் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மெஷின் அந்தக் கொத்துகளை எண்ணாமல் விட்டுவிடும். ஸ்லைடின் ஓரத்தில் கொத்துக் கொத்தாகத் தெரிந்தது. உடனே வார்டுக்குப் போன் செய்து, இடிடிஏவுக்குப் பதில் சிட்ரேட் உள்ள நீல மூடி டியூபில் இன்னொரு சாம்பிள் வாங்கினோம். அதில் எண்ணிக்கை போதுமானதாகவே இருந்தது. அன்றைக்கே மருந்து ஏற்றினார்கள் என்று பிறகு தெரிந்தது.

ஸ்லைடு பார்ப்பது எப்போதும் செய்கிற வேலைதான். செய்யும்போது மனசு எங்கே இருக்கிறது என்பது அன்றோடு மாறிவிட்டது. இப்போதெல்லாம் சாம்பிள் உறைந்து வந்தால், கணினியில் நிராகரிப்பு என்று பதிந்ததோடு விடாமல் வார்டையும் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன். குழந்தைக்கு மறுபடி ஊசி குத்தத்தான் வேண்டும், ஆனால் அதற்காக மதியம் வரை காத்திருக்க வேண்டாம் இல்லையா?

பிறகு தேடிப் படித்ததில் உளவியலாளர் ஆடம் கிராண்ட் 2007-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு கிடைத்தது. ஒரு பல்கலைக்கழகத்துக்காகப் போனில் நன்கொடை கேட்கும் ஊழியர்களில் சிலர், அந்தப் பணத்தால் உதவித்தொகை பெற்ற ஒரு மாணவரைச் சற்று நேரம் நேரில் சந்தித்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், அவர்கள் போனில் பேசிய நேரமும் திரட்டிய பணமும் இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருந்தன. மாணவரின் கடிதத்தை மட்டும் படித்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. நேரில் பார்ப்பதற்கு அவ்வளவு வலு இருக்கிறது.

இரவுப் பணி செவிலியர்

தம்பி, நீங்கள் எழுதியது அத்தனையும் உண்மை. ஆனால் எனக்கு மறுபக்கமும் தெரியும், அதையும் சொல்லியாக வேண்டும்.

நாங்கள் முகங்களைத் தினமும் பார்க்கிறவர்கள். அதனாலேயே "இன்னும் ஒரு ஷிஃப்ட் பாருங்க சிஸ்டர், நோயாளிங்க பாவம்" என்றால் மறுக்க வாய் வராது. ஆள் பற்றாக்குறையை நிர்வாகம் எங்கள் மனசாட்சியை வைத்துச் சரிக்கட்டும். பண்டர்சன், தாம்ப்சன் என்ற இருவர் 2009-இல் விலங்குக் காட்சிசாலைப் பராமரிப்பாளர்களை வைத்துச் செய்த ஆய்வும் இதையே சொல்கிறது. இந்த வேலைக்கென்றே பிறந்தேன் என்று நினைப்பவர்களுக்கு அதில் அர்த்தம் கூடுதலாகக் கிடைக்கிறது. சம்பளத்தையும் சொந்த நேரத்தையும் விட்டுக்கொடுப்பதும், நிர்வாகம் சுரண்டிவிடக் கூடும் நிலையில் இருப்பதும் அவர்களேதான்.

என்னை மாற்றியவர் ஒரு மூத்த செவிலியர். ஷிஃப்ட் முடிந்ததும் ஒவ்வொரு கட்டிலாக நின்று அடுத்தவரிடம் நிலைமையைத் தெளிவாக ஒப்படைப்பார். ஒன்றையும் விடமாட்டார். அப்புறம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார், திரும்பிப் பார்க்க மாட்டார். கேட்டதற்கு, "நாளைக்கும் இவங்களை நல்லாப் பாத்துக்கணும்ல?" என்றார். அக்கறை இருப்பவர்தான் நேரத்துக்குக் கிளம்பவும் வேண்டும் என்று எனக்குப் புரிந்தது அவரைப் பார்த்துத்தான்.

லேப் டெக்னீஷியன்

சரிதான் சிஸ்டர். ஊழியருக்கு நோக்கம் இருக்கிறது என்பதற்காக நிர்வாகம் ஆள் போடாமல் இருக்க முடியாது. உங்கள் பதிவைப் படித்த பிறகு எங்கள் கூடத்தில் ஷிஃப்ட் ஒப்படைப்பு எப்படி நடக்கிறது என்று கவனித்தேன். பாதி வாய்வழியாகவே போகிறது. எழுதி வைக்கச் சொல்லப் போகிறேன்.

மென்பொருள் வேலை, வீட்டில் அப்பாவோடு

எல்லோரும் வேலையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இது வீட்டில் நடந்தது.

அப்பாவோடு ஒரே வீட்டில் இருந்தும், சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா என்பதைத் தாண்டிப் பேச்சு போகாது. நேரம் ஒதுக்க வேண்டும் என்ற எண்ணம் எப்போதும் உண்டு, ஆனால் எண்ணத்தோடு நின்றுவிடும். உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் இதைத்தான் ஆராய்ந்திருக்கிறார்: செய்வேன் என்று மட்டும் நினைப்பதைவிட, எப்போது, எங்கே, எப்படி என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள். அதன்படி, ஞாயிறு காலை சாப்பிட்டு முடித்ததும் போனை உள்ளறையில் வைத்துவிட்டு அப்பாவுக்கு எதிரே உட்காருவது என்று வைத்துக்கொண்டேன்.

முதலில் இருவருக்குமே என்ன பேசுவது என்று தெரியவில்லை. நான் செய்தித்தாளை விரித்தேன். எதிரே இருந்த அப்பா, தலைகீழாகத் தெரிகிற தலைப்புகளைத் தடுமாறாமல் கடகடவென்று வாசித்தார். அவர் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். ஈய எழுத்துகளைக் கோக்கும்போது தலைகீழாகவும் இடவலம் மாறியும்தான் இருக்கும், அப்படியே படித்துப் பிழை திருத்த வேண்டும். அவருடைய கண்ணுக்கு அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. இத்தனை வருஷம் ஒன்றாக இருந்தும் எனக்கு இது தெரியாது.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அச்சகக் கதைதான். கட்டைவிரலால் எழுத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டே அடுத்ததைக் கோப்பது எப்படி என்று ஒரு ஸ்கேலை வைத்துச் செய்து காட்டினார். இப்போது அவர் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். போன வாரம் அவரே அந்த நோட்டை வாங்கி, நான் எழுதியதில் இருந்த பிழைகளைச் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தார்.