அப்பாவின் நூல் அவர் பெயரே இல்லாமல் சுற்றுகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி:
அப்பா 1978-ல் எங்கள் பக்கத்து நெல் ரகங்களைப் பற்றி 96 பக்கத்தில் ஒரு நூல் எழுதி, சொந்தக் காசில் 500 பிரதி அச்சிட்டார். 1991-ல் இறந்துவிட்டார். போன வாரம் ஒரு குழுவில் அதன் பிடிஎஃப் வந்தது. பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. ஆனால் அவர் பெயர் இருந்த பக்கத்தைக் காணோம். யாரோ ஒருவரின் ‘தொகுப்பு’ என்று இருக்கிறது. கேட்டால், பழைய புத்தகம்தானே, யாருக்கும் உரிமையில்லை என்கிறார்கள். அப்படியா?

பதில் 1:
இல்லை. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் இறந்த மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டு. ஆக 2051 முடியும்வரை உரிமை வாரிசுகளுக்கே. பதிவு செய்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

பதில் 2:
பெயரை எடுத்ததுதான் எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. அதே சட்டத்தின் 57-வது பிரிவைப் பாருங்கள். ‘இது என் படைப்பு’ என்று சொல்லும் உரிமை, பதிப்புரிமையை விற்றாலும் ஆசிரியரை விட்டுப் போகாது. அவருக்குப் பின் சட்டப்படியான வாரிசும் அதைக் கோரலாம். முதலில் அந்தத் தொகுப்பாளருக்கே எழுதுங்கள்.

பதில் 3:
நான் விவசாயி. நூலை முடக்கிவிடாதீர்கள் அம்மா. கடையில் கிடைக்காத புத்தகம் அது, எங்களுக்கு வேண்டும்.

கேட்டவர்:
சரி ஐயா, முடக்க மாட்டேன். என்னிடம் உள்ள பிரதியை அட்டையோடு ஸ்கேன் செய்து, பெயர் குறிப்பிட்டால் யாரும் பகிரலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் நானே வெளியிடுகிறேன். தம்பியும் வாரிசு, அவன் சம்மதத்தை இன்றே எழுதி வாங்குகிறேன். தொகுப்பாளருக்குக் கடிதமும் போகும்.