வீட்டுக்குள்ள வந்து சாவியோட காரையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க. இன்சூரன்ஸ்ல எழுதிக் கேட்கிறதுக்குக் கையெழுத்துப் போடலாமா?

மாந்தோப்பு வீடு (காவேரிப்பட்டணம் பக்கம்)

வணக்கம்ங்க. நான் அரசு நடுநிலைப் பள்ளியில டீச்சர். வீட்டுக்காரர் மாங்கூழ் ஃபேக்டரியில சூப்பர்வைசர். எங்க ரெண்டு பேர் குடும்பத்துலயும் கார்னு ஒண்ணு வீட்டு வாசல்ல நின்னது இதுதான் முதல் தடவை. வெள்ளை வேகன்ஆர். எடுத்து 47 நாள், ஓடினது 1,130 கிலோமீட்டர். சீட்டு மேல இருந்த பிளாஸ்டிக் உறையைக் கூட இன்னும் கிழிக்கல, ஆடி வரைக்கும் இருக்கட்டும்னு அம்மா சொல்லிட்டாங்க.

அம்மாவுக்காகத்தான் அந்தக் காரே. வாரத்துல ரெண்டு நாள் தருமபுரிக்கு டயாலிசிஸ் கூட்டிட்டுப் போகணும். திரும்பி வரும்போது பஸ் படியில காலைத் தூக்கி வைக்க முடியாம, கண்டக்டர் கையைப் பிடிச்சுத் தூக்கிவிடுவார். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் 6 வருஷம் சீட்டு கட்டினேன். கிருஷ்ணகிரி காட்டு வீர ஆஞ்சநேயர் கோயில்ல தேங்காய் கட்டி வேண்டிக்கிட்டேன். வண்டி வந்த அன்னைக்கு முதல்ல அங்கதான் கொண்டுபோய் நிறுத்தினோம். அம்மா முன் சீட்டுல உட்கார்ந்து பெல்ட்டைப் போடத் தெரியாம கையில பிடிச்சுக்கிட்டே வந்தாங்க.

ஏப்ரல் ரெண்டாவது சனிக்கிழமை ராத்திரி கரண்ட் இல்ல. வெக்கை தாங்காம நாங்களும் பிள்ளைங்களும் மொட்டை மாடியில படுத்தோம். அம்மா அன்னைக்குத் தம்பி வீட்டுல இருந்தாங்க. பின்கதவைக் கடப்பாரையால நெம்பி உள்ள வந்திருக்காங்க. பீரோவுல ஒன்றரைப் பவுன் கம்மல், 11,000 ரூபாய். அப்புறம் டிவி பக்கத்துல ஆணியில மாட்டியிருந்த கார் சாவி.

சொல்லவே மனசு வரலை. வண்டி ஸ்டார்ட் ஆன சத்தம் எனக்குக் கேட்டுச்சு. போனைப் பார்த்தேன், 2:40. தோப்புக் காவலுக்கு வந்த வண்டின்னு நினைச்சுப் புரண்டு படுத்துட்டேன். எங்க வண்டி சத்தம் எனக்கு இன்னும் பழகல. இன்னும் ரெண்டு மாசம் ஆகியிருந்தா தெரிஞ்சிருக்கும்.

டிக்கியில ஆறாம் வகுப்புப் பிள்ளைங்களோட ஆண்டுத் தேர்வு விடைத்தாள் 42 இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை திருத்தலாம்னு கொண்டுவந்தது. அதுவும் போச்சு.

காலையில 6 மணிக்கே ஸ்டேஷன்ல புகார் கொடுத்தோம், அன்னைக்கே எஃப்ஐஆர் போட்டாங்க. ஆனா கை நடுக்கத்துல நான் நகை, பணம், கார்னு எழுதினேனே தவிர, சாவி வீட்டுக்குள்ள இருந்து திருட்டுப்போச்சுன்னு எழுத விட்டுட்டேன். இப்ப இன்சூரன்ஸ்ல இருந்து விசாரணைக்கு வந்தவர் ரெண்டு ஒரிஜினல் சாவியும் வேணும்ங்கிறார். எங்ககிட்ட இருக்கிறது ஒண்ணுதான். இங்கிலீஷ்ல டைப் அடிச்ச ஒரு தாளைக் கொடுத்து, “இதுல கையெழுத்துப் போட்டா சீக்கிரம் முடிஞ்சிடும்மா”ன்னார். படிச்சுப் பார்த்தா, சாவியைப் பாதுகாப்பு இல்லாத இடத்துல வச்சிருந்தோம்னு நாங்களே ஒத்துக்கிற மாதிரி இருக்கு. வீட்டுக்காரர் போட்டுடலாம்ங்கிறார். எனக்கு மனசு ஒப்பல. கடனும் இருக்கு, மாசம் 10,400 ரூபாய் தவணை. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாலக்கோடு தக்காளி லோடு

தங்கச்சி, முதல்ல ஒண்ணு. சத்தம் கேட்டும் எந்திரிக்கலைன்னு மனசப் போட்டு அடிச்சுக்காத. கடப்பாரையோட வந்தவன் முன்னாடி நீயோ பிள்ளைங்களோ இறங்கிப் போயிருந்தா என்ன ஆயிருக்கும்?

2016ல என் மினி லாரி வீட்டு வாசல்லயே போச்சு. மூணு மாசம் கழிச்சு சித்தூர் பக்கம் ஒரு ஷெட்டுல, பெயிண்ட் மாத்தின நிலையில கிடைச்சது. கிடைச்சதுக்குக் காரணம் சேஸிஸ் நம்பர். நம்பர் பிளேட்டை அஞ்சு நிமிஷத்துல கழட்டிடுவானுங்க. அதனால இஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் ரெண்டும் எஃப்ஐஆர்ல சரியா ஏறியிருக்கான்னு ஆர்சியைப் பக்கத்துல வச்சு ஒவ்வொரு எழுத்தாப் பாரு. எனக்கு ஒரு எழுத்து தப்பா இருந்து, அதைத் திருத்தவே ஒரு வாரம் ஆச்சு.

அடுத்து ஃபாஸ்டேக். அவசரப்பட்டு நீயா பிளாக் பண்ணாத. எந்த டோல்ல எத்தனை மணிக்குக் காசு பிடிச்சிருக்குன்னு போன் மெசேஜைப் பாரு, ஸ்டேஷன்ல சொல்லு, அவங்க பார்த்துட்டுச் சொன்னப்புறம் பிளாக் பண்ணிக்கலாம். மெசேஜ் வரலைன்னா ஸ்டிக்கரைப் பிச்சிருக்கலாம். அப்பவும் டோல் கேமரா இருக்கு.

உங்க ஊர்ல இருந்து வெளியேற வழி நிறைய. கிருஷ்ணகிரி டோல் தாண்டி சூளகிரி, ஓசூர், அத்திப்பள்ளி. இல்லைன்னா பர்கூர் வழியா வாணியம்பாடி. குப்பம் ரோட்டுல ஏறினா ஆந்திரா. டோலே வேண்டாம்னு நினைச்சவன் எங்க ஊர் வழியா ராயக்கோட்டை போய் ஓசூர்ல ஏறுவான். 2:40க்குக் கிளம்பினவன் 3 மணியில இருந்து எங்கெங்க இருந்திருப்பான்னு கணக்குப் போட்டு, ரோட்டோர பெட்ரோல் பங்க்ல கேட்டுப் பாருங்க. பங்க் கேமராப் பதிவு ரொம்ப நாள் நிக்காது, மேல மேல அழிஞ்சிடும். நாளைக்குன்னு தள்ளாதீங்க.

ஓய்வுபெற்ற கோர்ட் எழுத்தர், கிருஷ்ணகிரி

அம்மா, அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அதில் உங்கள் வாக்குமூலம் என்று ஒரு வரிகூட இல்லை. உங்களுக்கு நடந்ததை நீங்களே தமிழில், உங்கள் கையெழுத்தில் எழுதி, அவர்கள் பெற்றுக்கொண்டதற்குச் சான்று கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். நகல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாவி விஷயம் சரிசெய்யக்கூடியதுதான். எஃப்ஐஆர் என்பது ஆரம்பம், முழு வழக்கு அல்ல. விசாரணை அதிகாரியிடம் போய்க் கூடுதல் வாக்குமூலம் கொடுங்கள்: பின்கதவு உடைக்கப்பட்டது, டிவி அருகே ஆணியில் இருந்த சாவி எடுக்கப்பட்டது, அதே சாவியால் வண்டி ஓட்டிச் செல்லப்பட்டது, 2:40க்குச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை மறைக்க நினைக்காதீர்கள். நேரத்தைச் சொல்லும் ஒரே சாட்சி நீங்கள்தான். உடைந்த தாழ்ப்பாளைப் போட்டோ எடுத்திருந்தால் அதையும் கொடுங்கள்.

எந்தப் பிரிவுகள் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 2024 ஜூலை 1 முதல், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக, பாரதிய நியாய சன்ஹிதாதான் நடைமுறை. குடியிருக்கும் வீட்டில் திருடியதற்குப் பிரிவு 305, இரவில் வீட்டை உடைத்து நுழைந்ததற்கு 331(4). வெறும் வாகனத் திருட்டு என்று 303 மட்டும் இருந்தால், வீட்டை உடைத்து வந்தார்கள் என்பதே காகிதத்தில் இல்லாமல் போகும். இன்சூரன்ஸ் கேட்கும் கேள்விக்கு உங்கள் பதிலே அதில்தான் இருக்கிறது. தெருவில் சாவியோடு நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனால் அது கவனக்குறைவு. பூட்டிய வீட்டுக்குள் ஆணியில் மாட்டுவது எப்படிக் கவனக்குறைவாகும்? எங்கள் வீட்டிலும் ஆணியில்தான் தொங்குகிறது. எஃப்ஐஆர் நகலை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும், புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 173(2) அதைத்தான் சொல்கிறது.

காவல் துறைக்கு உடனே சொல்லியிருந்தால், இன்சூரன்ஸுக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டுமே காரணம் காட்டித் திருட்டு கிளெய்மை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது. நீங்கள் 6 மணிக்கே போயிருக்கிறீர்கள், அது உங்கள் பலம். வண்டி கிடைக்காவிட்டால், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற போலீஸின் இறுதி அறிக்கையை இன்சூரன்ஸில் கேட்பார்கள், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். பொறுமை வேண்டும். நிறுவனம் மறுத்தால் சென்னையில் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், அங்கே கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

ஒருவேளை வண்டி கிடைத்துவிட்டால் ஸ்டேஷன் வாசலில் வெயிலில் காய விடாதீர்கள். கோர்ட்டில் மனுப் போட்டு, பிணைப் பத்திரம் எழுதிக் கொடுத்து இடைக்காலமாக எடுத்துக்கொள்ளலாம். 2002லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஓசூர், வண்டிக்கடன் பிரிவுல வேலை பார்த்தவன்

மேடம், வண்டி இல்லையேன்னு தவணையை நிறுத்திடாதீங்க. ரொம்ப பேர் இதுலதான் மாட்டிக்கிறாங்க. கடன் உங்க பேர்லதான் ஓடுது, சிபில் (கடனை ஒழுங்காக் கட்டுறோமான்னு காட்டுற மதிப்பெண்) விழுந்தா அடுத்த வண்டிக்குக் கடன் கிடைக்காது. பேங்குக்கு எஃப்ஐஆர் நகலோட ஒரு கடிதம் கொடுங்க. கிளெய்ம் வந்தா முதல்ல பேங்க் பாக்கிதான் கழியும், மிச்சம்தான் உங்களுக்கு.

பாலிசியில ஐடிவி (வண்டி திருட்டுப்போனா இன்சூரன்ஸ் கணக்குல எடுக்கிற வண்டி மதிப்பு) எவ்வளவு, ‘ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்’ சேர்த்திருக்கீங்களான்னு பாருங்க. புது வண்டிக்கு ஐடிவி ஷோரூம் விலையில 5 சதவீதம் கழிச்சு வரும். சாலை வரியெல்லாம் அதுல சேராது. அந்தச் சேர்க்கை இருந்தா பொதுவா பில் விலையும், பாலிசியைப் பொறுத்து வரியும் பதிவுச் செலவும் கிடைக்கும். ஆர்டிஓவுக்கும் எழுத்துல தெரிவிச்சிடுங்க.

தென்பெண்ணைக் கரை

அக்கா, உயிருக்கு ஒண்ணும் ஆகலையே, அதுவே போதும். கார் இரும்புதானே, இன்னொண்ணு வாங்கிக்கலாம்.

மாந்தோப்பு வீடு

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. தென்பெண்ணை தம்பி, நல்ல மனசோடதான் சொல்றீங்க, தெரியுது. ஆனா எனக்கு அது இரும்பு இல்லப்பா. எங்கம்மா ஆஸ்பத்திரியில இருந்து வரும்போது பின் சீட்டுல காலை நீட்டித் தூங்கிட்டு வந்த இடம் அது. அப்படி மொத்தம் 12 தடவை வந்திருக்காங்க, நான் கணக்கு வச்சிருக்கேன்.

கையெழுத்துப் போடல. ஐயா சொன்ன மாதிரி ரெண்டு பக்கம் தமிழ்ல எழுதித் தபால்ல சேர்த்துட்டேன். ஸ்டேஷன்ல கூடுதல் வாக்குமூலம் வாங்கிக்கிட்டாங்க. 305, 331 ரெண்டும் முன்னாடியே போட்டிருக்காங்க. சத்தம் கேட்டதைச் சொல்லும்போது அழுதுட்டேன், ஏட்டம்மா தண்ணி கொடுத்தாங்க. பாலிசியில அந்த இன்வாய்ஸ் சேர்க்கை இல்லை. ஐடிவி 6,27,000, ரோட்டுக்கு வந்த விலை 7,85,000.

இன்னொரு விஷயம். நேத்து மதியம் ஸ்கூலுக்குப் போன் வந்துச்சு. குருபரப்பள்ளி பக்கம் ஹைவே ஓரத்துல இளநீர் விக்கிறவர். சாக்கடையோரம் ஒரு கட்டு பேப்பர் கிடந்ததாம், பள்ளிக்கூட முத்திரையைப் பார்த்து, பிள்ளைங்க பரீட்சைப் பேப்பர் ஆச்சேன்னு எடுத்துக் காய வச்சு, நம்பர் தேடிக் கூப்பிட்டிருக்கார். போய் வாங்கிட்டு வந்தோம். காசு கொடுத்தா வாங்கமாட்டேன்னுட்டார். லாரி அண்ணா, டோலைத் தாண்டித்தானே குருபரப்பள்ளி, அப்ப வண்டி ஓசூர் பக்கம்தான் போயிருக்கு. ஃபாஸ்டேக் மெசேஜ் எதுவும் வரல. அன்னைக்கு 3 மணியில இருந்து 4 மணி வரைக்கும் டோல் கேமராப் பதிவை இன்ஸ்பெக்டர் கேட்டிருக்கார்.

42ல 39 பேப்பர் இருக்கு. மூணு பிள்ளைங்களோடது கிடைக்கல, தலைமையாசிரியர்கிட்ட எழுதிக் கொடுத்திருக்கேன். சனிக்கிழமை அம்மாவுக்கு டயாலிசிஸ். ஆட்டோ வேண்டாம், செலவு, 7:10 பஸ்ஸுலயே போயிடலாம்னு சொல்லிட்டாங்க. அந்தக் கண்டக்டர் இன்னும் அதே வண்டியிலதான் வர்றாரான்னு நேத்து ராத்திரி கேட்டாங்க.