கண்டற்காட்டு மரங்கள் ஒரே குடும்பமா?

உயர்தர உயிரியல் ஆசிரியை, திருகோணமலை

கிண்ணியாவில் களப்பின் கரைக்கு மாணவரை அழைத்துச் சென்று கண்டல், வெண்கண்டல், கிண்ணை ஆகிய மூன்றையும் காட்டினேன். மூன்றும் உப்புச் சேற்றில் நின்று, காற்றுக்காக வேரை வெளியே நீட்டுகின்றன. கண்டலிலும் வெண்கண்டலிலும் விதை தாய்மரத்தில் இருக்கும்போதே முளைக்கத் தொடங்குகிறது. இவ்வளவு ஒத்தவற்றை வெவ்வேறு குடும்பங்களில் வைப்பது ஏன் என்று ஒரு மாணவி கேட்டாள். "டி.என்.ஏ. சான்று" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தது எனக்கு நிறைவளிக்கவில்லை. அந்தச் சான்றை எப்படி வாசிக்கிறார்கள்?

மறுமொழி 1: தாவர வகைப்பாட்டு ஆய்வு மாணவர்

ஆசிரியை அவர்களுக்கு, உங்கள் மாணவி கேட்டது மிகச் சரியான கேள்வி. ஒரே நெருக்கடியில் வாழும் உறவற்ற மரங்களும் ஒரே வகை வேரைப் பெற்றுவிடும் என்பதால், வேரை வைத்து உறவைத் தீர்மானிக்க முடியாது. ஆகவே வேரின் வடிவத்தோடு தொடர்பில்லாத, எல்லாப் பசுந்தாவரங்களிலும் உள்ள ஆர்.பி.சி.எல். போன்ற பச்சையவுருமணி (கலத்தில் ஒளித்தொகுப்பு நடக்கும், தனக்கென டி.என்.ஏ. கொண்ட நுண்ணுறுப்பு) மரபணுக்களை எடுத்து, அவற்றின் டி.என்.ஏ. எழுத்துவரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, எந்தெந்தத் தாவரங்கள் ஒரே மாற்றத்தைப் பகிர்கின்றன என்று பார்க்கிறார்கள். 1993இல் ஏறத்தாழ 500 வித்துத்தாவரங்களை இவ்வாறு ஒப்பிட்ட ஆய்வு வெளிவந்தது.

இன்று கண்டலின் நெருங்கிய உறவு கொக்காச் செடியின் குடும்பம். முன்பு தேக்கோடு சேர்த்து வைக்கப்பட்ட வெண்கண்டல், ஆடாதோடையின் குடும்பத்துக்குள் வந்துவிட்டது. 2002இல் பச்சையவுருமணி, கலத்தின் கரு ஆகிய இரண்டின் டி.என்.ஏ.யும் இதையே காட்டின. கிண்ணையோ மாதுளை, மருதோன்றி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. கிண்ணைக் காயின் அடியில் விண்மீன்போல் விரிந்திருக்கும் தடித்த புல்லிவட்டத்தை, மாதுளையின் தலையிலுள்ள முடியின் அருகே வைத்துப் பாருங்கள்.

மறுமொழி 2: ஓய்வுபெற்ற தாவரவியல் விரிவுரையாளர்

ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பகிர்ந்த எழுத்துகள் எல்லாம் உறவுக்குச் சான்றல்ல. பழைய மூதாதையிலிருந்து மாறாமல் வந்தவற்றைத் தள்ளிவிட்டு, புதிதாகத் தோன்றியவற்றையே எண்ண வேண்டும். எது பழையது, எது புதியது என்று அறியவே குழுவுக்கு வெளியிலிருந்தும் ஒரு தாவரத்தை ஒப்பீட்டில் சேர்க்கிறோம். பச்சையவுருமணி மட்டும் போதாது என்பதற்குப் தமிழ்நாட்டின் பிச்சாவரத்தில் இனங்காணப்பட்ட கண்டல் கலப்பினம் நல்ல சான்று. பூக்குந் தாவரங்களில் பச்சையவுருமணி பெரும்பாலும் தாய்வழியாகவே வருவதால், அதை மட்டும் வாசித்தால் தந்தை மரம் மறைந்துவிடும்; கருவின் டி.என்.ஏ.யில் இரு பெற்றோரும் தெரிவர்.

ஆசிரியை

இருவருக்கும் நன்றி. நாளை வகுப்புக்கு ஒரு மாதுளங்காயையும், கரையில் பொறுக்கிய கிண்ணைக் காயையும் எடுத்துச் செல்கிறேன். விடையை நான் சொல்லுமுன் அந்த மாணவியே இரண்டையும் கையில் வைத்துப் பார்க்கட்டும்.