புதுப்பிப்பு: முட்டையில்லாத சீஸ் வெங்காய வளையம்

புரட்டாசி விரதத்துக்கு ஏற்றவாறு முட்டை சேர்க்காமல் சீஸ் அடைத்த வெங்காய வளையங்களைப் பொரித்தால், சீஸ் எண்ணெயில் ஒழுகாமல் நிற்குமா என்று முன்பு இந்த இழையில் கேட்டிருந்தேன். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் எங்கள் வீட்டு அடுப்படியில் செய்து பார்த்துவிட்டேன், தாராளமாக நிற்கிறது.

பெரிய வெங்காயத்தை அரை அங்குலக் கனத்தில் நறுக்கி, உட்புறச் சவ்வை உரித்து, ஒன்றுக்குள் ஒன்று தளர்வாக அமரும் இரு வளையங்களுக்கு இடையே மொசரெல்லா சீஸ் கீற்றுகளைச் செருகி, ஒரு மணி நேரமாவது ஃப்ரீசரில் வைக்க வேண்டும். முட்டைக்குப் பதிலாக மைதாவும் சோளமாவும் சேர்த்துத் தோசைமாவுப் பதத்தில் கரைத்ததே போதும். ஆனால் கரைசலில் தோய்த்து ரொட்டித்தூளில் புரட்டுவதை இரண்டாம் முறையும் செய்தாக வேண்டும். இல்லையெனில், கண்ணுக்கே தெரியாத சிறு இடைவெளி வழியாகச் சீஸ் வெளியேறி எண்ணெயில் வெடிக்கத் தொடங்கிவிடும். எண்ணெய் 180 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கட்டும்; பொன்னிறமானதும் தாமதிக்காமல் எடுத்துவிடுங்கள்.

எங்கள் ஊரின் கடற்காற்றில் மொறுமொறுப்பு விரைவில் தளர்ந்துவிடுவதால், காகிதத்தில் குவிக்காமல் கம்பித்தட்டில் பரப்புவது நல்லது. தொட்டுக்கொள்ள மாங்காய் ஊறுகாயே என் தேர்வு, தக்காளி சாஸ் அன்று.

விரதக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: பல சீஸ்களில் பாலைத் திரையவைக்க, கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் என்ற நொதி சேர்வதால், சைவத்துக்கு உரியது என்று உறையில் அச்சிட்டிருப்பதையே வாங்க வேண்டும்.