அலெக் கின்னஸ்: பார்த்தும் அடையாளம் தெரியாத ஆள். உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

பழைய டிக்கெட்:

லாரன்ஸ் ஆஃப் அரேபியா படத்தின் அராபிய இளவரசர் ஃபைசல், குவாய் நதிப் பாலத்தைக் கட்டும் கர்னல் நிக்கல்சன், ஸ்டார் வார்ஸ் கிழவர் ஓபி-வான். இந்த மூன்று பேரும் அலெக் கின்னஸ் என்ற ஒரே ஆங்கில நடிகர் என்பது எனக்கு நாற்பது வயதில்தான் தெரிந்தது. மூன்று படத்தையும் அதற்கு முன்பே இரண்டு மூன்று முறை பார்த்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அப்புறம் அவரைப் பற்றிப் படிக்கப் படிக்க, வெட்கப்பட ஒன்றுமில்லை, அந்த மனிதர் விரும்பியதே அதைத்தான் என்று புரிந்தது.

1914 ஏப்ரல் 2, லண்டனில் பிறந்தவர். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. அப்பா யார் என்பது கடைசிவரை அவருக்கு உறுதியாகத் தெரியவில்லை. படிப்பு முடிந்ததும் விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதும் வேலை. 1934-இல் மேடை. அந்த வருடமே மேடை நடிகர் ஜான் கீல்குட் தன் ஹாம்லெட் நாடகத்தில் ஆஸ்ரிக் என்ற சின்ன வேடம் கொடுத்தார். போரில் கடற்படை, 1943-இல் சிசிலிப் படையெடுப்பில் ஒரு தரையிறங்கு படகுக்குத் தலைவர். திரும்பி வந்து சினிமா. 1949-இல் ஒரே படத்தில் ஒரே குடும்பத்தின் எட்டுப் பேராக வந்தார், அதில் ஒருவர் பெண். ஒன்பது வேடம் பார்த்து வளர்ந்த நமக்கு எட்டு என்ன பெரிதா என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் சர்ச் காட்சியில் ஆறு பேர் ஒரே சட்டகத்துக்குள் இருப்பார்கள். கேமராவை ஆணி அடித்த மாதிரி நிறுத்தி, லென்ஸில் ஒரு பகுதியைத் தவிர மற்றதை மறைத்து, அதே ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றிச் சுற்றி எடுத்தது. கம்ப்யூட்டர் இல்லாத காலம்.

ஒரு கதை சொல்வார்கள். எங்கோ கோட்டைக் கழற்றிக் கொடுத்தபோது, காப்பாளர் டோக்கன் தரவில்லையாம். தன்னைத் தெரிந்துவிட்டது போல என்று உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம். திரும்ப வாங்கிய கோட்டின் பையில் ஒரு துண்டுச் சீட்டு: ‘கண்ணாடி போட்ட வழுக்கை’.

உங்களில் யாருக்காவது அவரோடு தூரத்துத் தொடர்பாவது உண்டா? நேரில் பார்த்தவர், ஷூட்டிங் பார்த்தவர், யாராக இருந்தாலும் எழுதுங்கள்.

கித்துல்கல பேரன்:

எனக்கு இல்லை, என் தாத்தாவுக்கு உண்டு அண்ணா. குவாய் பாலம் படம் தாய்லாந்தில் நடக்கிற கதை, ஆனால் எடுத்தது எங்கள் ஊரில். இலங்கையில், களனி கங்கைக் கரையில் கித்துல்கல. கொழும்பிலிருந்து மலை ஏறும் வழி. தாத்தா பக்கத்துத் தேயிலைத் தோட்டம். ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தோட்டத்து வேலையை விட்டுவிட்டு மரம் தூக்கப் போனார். சுமார் 425 அடி நீளம், 90 அடி உயரத்தில் நிஜமாகவே மரப்பாலம். காட்டு மரத்தை யானைகள் இழுத்து வரும், மனிதர்கள் தூக்கி நிறுத்துவார்கள்.

தாத்தாவைக் கேட்டால் ‘ஹீரோவைப் பார்த்தேன்’ என்பார். எப்படி இருந்தார் என்றால், ‘சட்டை போடாமல், நல்ல உடம்பு, பொன்னிற முடி’ என்பார். அது படத்தின் இன்னொரு நடிகர் வில்லியம் ஹோல்டன். கின்னஸை ஆஸ்கார் வாங்கிய ஹீரோ என்று நான் சொன்னால், ‘கந்தல் உடுப்பில் ஓரமாக உட்கார்ந்திருந்த அந்த ஒல்லி ஆளா?’ என்று சிரிப்பார்.

அந்த ஒல்லி ஆள் ஒரு காட்சியில் தகரக் கொட்டடியிலிருந்து வெளியே விடப்பட்டு, ஜப்பானியத் தளபதியின் அறைவரை நடப்பார். கால் தள்ளாடும், முதுகு மட்டும் வளையாது. போலியோ வந்து மீண்ட தன் மகன் மேத்யூ நடந்த நடை மனதில் இருந்தது என்று கின்னஸ் பின்னால் சொல்லியிருக்கிறார். அது தெரிந்தபிறகு அந்தக் காட்சியை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடிவதில்லை.

பாலத்தை வெடித்த கதையைத் தாத்தா வருடத்துக்கு நாலு தடவை சொல்வார். 1957 மார்ச். பிரதமர் பண்டாரநாயக்க வரைக்கும் வந்திருந்தாராம். அதற்கு முன்னால் ஒரு முயற்சி சொதப்பியது. கேமராக்காரர்கள் எல்லாரும் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட்டதாகத் தகவல் தர வேண்டும், ஒருவரிடமிருந்து தகவல் வரவில்லை. அதனால் வெடிக்கவில்லை. ரயில் மட்டும் பாலத்தைத் தாண்டிப் போய் அந்தப் பக்கம் மோதி நின்றது. ரயிலைத் தூக்கிக் கொண்டுவந்து மறுபடி வெடித்தார்கள். மாதக்கணக்கில் தூக்கிச் சுமந்தது கண்மூடித் திறப்பதற்குள் போனது. ‘கூலியைக் கொடுத்துவிட்டுத்தான் உடைத்தார்கள், அந்த வகையில் நல்லவர்கள்’ என்பது தாத்தாவின் தீர்ப்பு.

அந்தப் படத்தின் டைட்டிலில் கின்னஸின் பெயரில் ஒரு எழுத்தை விட்டுவிட்டார்கள் என்பது தெரியுமா? ஏழு ஆஸ்கார் வாங்கிய படம்!

ஈப்போ வாசகி:

பேரன் தம்பி, உங்கள் தாத்தா தூக்கியது சினிமாப் பாலம். என் பாட்டியின் அண்ணன் போனது நிஜ ரயில் பாதைக்கு. அதனால் இந்தப் படம் எங்கள் வீட்டில் ஒரு மாதிரியான படம்.

மலேசியாவில் ‘சயாம் மரண ரயில்’ என்றால் பெரியவர்களுக்குத் தெரியும். ஜப்பான்காரன் காலத்தில், ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கொண்டு போனார்கள். நல்ல சம்பளம், கொஞ்ச மாதத்தில் திரும்பலாம் என்று ஆசை காட்டி முதலில், பிறகு பிடித்து இழுத்து. சயாமிலிருந்து, அதாவது தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்கு 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் முடிந்தது. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர், அதில் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அதில் பாதிப் பேர்வரை இறந்திருக்கலாம் என்கிறார்கள். காலரா வந்த முகாம்களில் எண்ணக்கூட ஆளில்லை. பாட்டியின் அண்ணன் எந்தக் கணக்கில் வருகிறார் என்று யாருக்கும் தெரியாது.

டிவியில் படம் போட்டபோது எனக்குப் பன்னிரண்டு வயது. பாட்டியும் கூட உட்கார்ந்தார். முதல் அரை மணி நேரம் கண்ணை எடுக்காமல் பார்த்தார். அவர் கதையைப் பார்க்கவில்லை, பின்னால் நிற்கும் முகங்களைத் தேடிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. அப்புறம் எழுந்து, ‘நம்ம ஆள் ஒருத்தரும் இல்லையே’ என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார்.

கின்னஸ் மீது எனக்குக் கோபம் இல்லை. அந்தக் கர்னலின் பிடிவாதத்தை அவ்வளவு நம்பும்படி செய்திருக்கிறார். எதிரிக்குப் பாலம் கட்டிக் கொடுக்கிறோம் என்பதையே மறந்து, வேலை நேர்த்தியில் பெருமைப்படும் ஒரு மனிதர். அந்த வேடத்தை முதலில் அவர் மறுத்தார் என்றும், எடுத்தபிறகும் இயக்குநர் டேவிட் லீனோடு அதை எப்படி நடிப்பது என்று முட்டிக்கொண்டே இருந்தார் என்றும் படித்திருக்கிறேன். உண்மையில் அங்கே கைதிகளுக்குத் தலைமை தாங்கிய அதிகாரி ஃபிலிப் டூசி அப்படிப்பட்டவரே இல்லை. இன்னொரு வேடிக்கை, நிஜப் பாலம் இருந்தது குவாய் மீதே அல்ல, மே கிளாங் ஆற்றின் மீது. படம் பார்த்துவிட்டுச் சுற்றுலாக்காரர்கள் குவாயைத் தேடி வந்ததால், 1960-இல் தாய்லாந்துக்காரர்கள் ஆற்றின் பெயரையே மாற்றிவிட்டார்கள்.

பழைய டிக்கெட்:

அக்கா, இதை எழுதியதற்கு நன்றி. இனி அந்தப் படத்தை நானும் பின்னால் நிற்கும் முகங்களைத் தேடித்தான் பார்ப்பேன் என்று நினைக்கிறேன்.

மேல்மாடி சீட்டு:

நான் அவரை மேடையில் பார்த்தவன். 1989, லண்டன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எட்டு மாதம். அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை. இரவில் பெற்றோல் ஸ்டேஷனில் வேலை, பகலில் ஆங்கில வகுப்பு. வகுப்பு எடுத்த ரீச்சர் எங்கள் ஐந்து பேருக்குத் தன் காசில் ரிக்கெற் எடுத்துத் தந்தா. கொமெடி தியேட்டர், பான்டன் தெரு. இப்போது அதற்கு ஹரோல்ட் பின்டர் தியேட்டர் என்று பெயர். எங்களுக்குக் கிடைத்தது கூரையில் தலை முட்டுகிற உச்சி மாடி.

நாடகத்தில் இரண்டே பேர். ஒரு ரஷ்யர், ஒரு அமெரிக்கர். ஜெனீவாவில், பேச்சுவார்த்தை மேசையை விட்டு வெளியே வந்து, காட்டில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஆயுதக் குறைப்புப் பற்றிக் கதைக்கிறார்கள். கின்னஸ்தான் ரஷ்யர். அவர் கடைசியாக மேடை ஏறிய நாடகமும் அதுதான். எனக்கு ஆங்கிலம் பாதி விளங்கவில்லை. ஆனால் பேச்சுவார்த்தை என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை. திம்புவில் இலங்கை அரசோடு பேசியதில் இருந்து தொடங்கி எத்தனை பார்த்தாச்சு. ஊரில் அந்த நேரம் இந்திய இராணுவம் நின்றது.

அந்தக் கிழவர் ஒன்றும் செய்யவில்லை. அதுதான் எனக்கு நினைவில் நிற்கிறது. மற்றவர் எழும்பி நடப்பார், குரலை உயர்த்துவார். இவர் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, பகிடி விட்டுக்கொண்டு இருப்பார். ஒரு இடத்தில் பகிடியை நிறுத்திவிட்டுப் பேசாமல் இருந்தார். இந்த ஆளுக்கு இது ஒன்றும் சரிவராது என்று முதல் நாளே தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆங்கிலம் இல்லாமலே விளங்கியது.

நாடகம் முடிந்து வெளியே மழை. பஸ்ஸுக்குப் போகிற வழியில் தொப்பியும் குடையுமாக ஒரு முதியவர் எங்களைக் கடந்து போனார். கூட வந்தவன் ‘டேய், அவர்தான்’ என்றான். நான் இல்லை என்றேன். மேடையில் பார்த்தவர் உயரம், இவர் சாதாரண ஆள். இரவு வேலைக்குப் போகும்வரை இதே சண்டை. இன்றைக்கும் எங்களுக்கு முடிவு தெரியாது.

செமினரி தப்பியவன்:

மேல்மாடி ஐயா, உங்களுக்காவது சந்தேகம் இருந்தது. ஒரு பிரெஞ்சுச் சிறுவனுக்குச் சந்தேகமே வரவில்லை. ஃபாதர் பிரௌன் படத்துக்காக பர்கண்டியில் இருந்தபோது, கின்னஸ் இரவில் பாதிரியார் அங்கியோடே தங்குமிடத்துக்கு நடந்து போகிறார். ஒரு பையன் ஓடிவந்து ‘சாமி’ என்று கையைப் பிடித்துக்கொண்டு, கையை ஆட்டி ஆட்டி ஏதேதோ பேசிக்கொண்டே வருகிறான். பிரெஞ்சில் வாய் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று இவர் மூச்சு விடவில்லை. கொஞ்ச தூரம் வந்து, வணக்கம் சொல்லி, வேலிச் சந்து வழியாகப் போய்விட்டான். முன்பின் தெரியாத ஒருவரை வெறும் அங்கியை நம்பி ஒரு குழந்தை கைப்பிடிக்கிறதே என்பது அவரை விடவில்லை. 1956-இல் கத்தோலிக்கத்துக்கு மாறினார். அதே அங்கியை மூன்று வருடம் போட்டும் என் கையை ஒருவரும் பிடிக்கவில்லை, நான் வெளியே வந்துவிட்டேன்.

குன்னூர் பாய்லர்:

1984-இல் வந்த இந்தியா பற்றிய டேவிட் லீன் படத்துக்காக எங்கள் மலை ரயிலில் ஷூட்டிங் நடந்தது. அப்பா ரயில்வே. நான் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுப் பார்க்கப் போனேன். ஓடும் பெட்டிக்கு வெளியே விக்டர் பானர்ஜி தொங்கிக்கொண்டு வருவாரே, அந்தக் காட்சி வந்தால் இன்றும் வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுவேன். கின்னஸை நான் பார்க்கவில்லை. கதைப்படி அவர் அந்த ரயிலைத் தவறவிட்டவர்!

அவர் மீது எனக்கு ஒரு குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். பேராசிரியர் கோட்போலே என்ற பிராமணராக முகத்தில் சாயம் பூசிக்கொண்டு வருவார். என் அம்மா பார்த்துவிட்டு, ‘யாருடா இந்த மாறுவேடப் போட்டி மாமா?’ என்றார். பக்கத்தில் பானர்ஜியும் சயீத் ஜாஃப்ரியும் இருக்கும்போது இது இன்னும் துருத்தும். அவர் பழகியிருந்த ஒரு நடனத்தையும் லீன் வெட்டிவிட்டார், அதில் கின்னஸுக்கு வருத்தம். ஃபைசலாக ஏமாந்தேன் என்று சொன்னீர்களே டிக்கெட் அண்ணா, அராபியர்கள் ஏமாந்திருப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

அவருடைய உச்சம் என்றால் 1979-இல் பிபிசியில் வந்த உளவாளி ஸ்மைலிதான். ஏழு பகுதி. நிஜ உளவுத் தலைவர் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, கதையை எழுதிய லெ காரே அவரை மாரிஸ் ஓல்ட்ஃபீல்டோடு சாப்பிட உட்காரவைத்தார். கின்னஸ் அவருடைய கஃப்லிங்க் முதல் நடை வரை அளந்துகொண்டு வந்தார். ஓல்ட்ஃபீல்ட் ஒயின் கிளாஸை விரலால் தடவிப் பார்த்தாரே, விஷம் இருக்கிறதா என்று பார்க்கவா என்று லெ காரேயிடம் விசாரித்தாராம்.

பழைய டிக்கெட்:

பாய்லர் அண்ணன் சொன்ன குறை நியாயம்தான். இந்த ஆளின் வித்தைக்கும் ஒரு எல்லை இருந்தது.

ஸ்டார் வார்ஸ் பற்றி யாரும் எழுதவில்லையே என்று பார்த்தேன். அதன் இயக்குநர் லூகாஸுக்கு வரும் பங்கில் 2.25 சதவீதம் என்று ஒப்பந்தம் போட்டதால், வாழ்நாள் முழுக்கப் பணக் கவலை விட்டது. ஆனால் அந்தப் படத்தின் பெயரைக் கேட்டாலே எரிச்சல். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சிறுவன், படத்தை நூறு தடவைக்கு மேல் பார்த்ததாகப் பெருமையாகச் சொன்னான். இனிமேல் பார்க்கமாட்டேன் என்று சத்தியம் செய்வாயா என்று இவர் கேட்க, பையன் அழுதுவிட்டான். கின்னஸே எழுதிவைத்த சம்பவம். எனக்கு இது பிடிக்கவில்லை. ஒரு குழந்தை அவர் பாதிரியார் இல்லை என்று தெரியாமல் கையைப் பிடித்தபோது வாயைத் திறக்காதவர், இன்னொரு குழந்தை அவரை அவராகவே அடையாளம் கண்டு வந்தபோது இப்படிச் செய்திருக்கிறார்.

2000 ஆகஸ்ட் 5 இறந்தார். மனைவி மெரூலா அதே வருடம் அக்டோபரில். 62 வருடத் திருமணம்.

பேரா, தாத்தா அவர் முகத்தைக் கடைசிவரை ஒத்துக்கொள்ளவே இல்லையா?

கித்துல்கல பேரன்:

இல்லை அண்ணா. இறப்பதற்கு ஒரு வருடம் முன்னால் அவரைக் கித்துல்கல ரெஸ்ட் ஹவுஸுக்குக் கூட்டிப் போனேன். ஷூட்டிங் படங்களைச் சுவரில் மாட்டி வைத்திருப்பார்கள். கின்னஸ் இருக்கும் படத்தின் முன்னால் நிறுத்தி, ‘இவர்தான் தாத்தா’ என்றேன். ‘ஆங், ஆங்’ என்று எனக்காகத் தலையாட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். அதில் மரம் இழுக்கும் யானை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, காதோரக் கிழிசலை விரலால் தொட்டு, ‘இந்த யானையை எனக்குத் தெரியும்’ என்றார்.