பில் போடும் ஜன்னலுக்குப் பின்னணிப் படம் தேவையா?

கெடிலக்கரை:
கடலூர் முதுநகரில் ஒரு மீன் கமிஷன் கடைக்குப் பைத்தான் மொழியில் பில் புரோகிராம் எழுதுகிறேன், ஜன்னல் எல்லாம் அதோடு வரும் டிகின்டர் என்ற ஜன்னல் வரையும் கருவியில். பின்னணியில் தேவனாம்பட்டினம் கடற்கரைப் படம் வர வேண்டும் என்று முதலாளி கேட்கிறார். ஒரு ஃபங்ஷனுக்குள் படத்தை ஏற்றி லேபிளில் (எழுத்தோ படமோ காட்டும் கட்டம்) வைத்திருக்கிறேன். பிழைச் செய்தி எதுவும் இல்லை. வெறும் சாம்பல் நிறம்தான் தெரிகிறது. என்ன காரணம்?

முதுநகர்க்காரன்:
ஃபங்ஷன் முடிந்ததும் அந்த போட்டோஇமேஜை, அதாவது டிகின்டர் ஏற்றிய படத்தை, யாரும் பிடித்து வைத்திருக்கவில்லை என்று பைத்தான் அழித்துவிடும். 'லேபிள் டாட் இமேஜ்' என்று லேபிளோடேயே படத்தைச் சேர்த்து வையுங்கள், நிற்கும். லேபிளை இடத்தில் வைக்கும் பிளேஸில் ரெல்விட்த், ரெல்ஹைட் இரண்டுக்கும் 1 கொடுங்கள், ஜன்னலின் முழு அகலம், உயரத்துக்கும் விரியும். மற்ற பெட்டிகளுக்கு முன்பே இந்த லேபிளை உருவாக்கினால் அடியில் போய்விடும். அவ்வளவுதான் வேலை.

பாகூரான்:
அதோடு முடியாது அண்ணே. லேபிள்தான் விரியும், படம் தன் அளவிலேயே நடுவில் நிற்கும். அதன் மேல் 'வஞ்சிரம்', 'எடை' என்று வைக்கிற ஒவ்வொரு லேபிளும் சாம்பல் கட்டமாகக் கடலை மறைக்கும், ஏனென்றால் டிகின்டர் லேபிளில் பின்னணியை ஊடுருவிப் பார்க்க முடியாது. கேன்வாஸ் என்ற வரைபலகையை எடுத்து, கிரியேட் இமேஜில் படத்தையும் கிரியேட் டெக்ஸ்ட்டில் எழுத்தையும் வரையுங்கள். கட்டம் வராது.

ஆனால் பில் போடும் திரையில் படமே கூடாது என்பதுதான் என் கட்சி. கடற்கரைப் படம் என்றால் மேலே வெளிர் வானம், கீழே கருநீலத் தண்ணீர், இடையில் வெள்ளை நுரை. கறுப்பு எழுத்து வானத்தில் தெரியும், தண்ணீரில் மறையும். வெள்ளைக்கு மாற்றினால் நுரையில் காணாமல் போகும். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்று இணையத்துக்குத் தரம் வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு சொல்கிறது. அது இணையப் பக்கங்களுக்குச் சொன்னதுதான், ஆனாலும் பார்க்கிற கண் ஒன்றுதானே?

முதுநகர்க்காரன்:
கடை அவருடையது, காசும் அவருடையது. அவர் ஆசையாகக் கேட்பதை ஏன் மறுக்க வேண்டும்? பைத்தானில் படங்களைத் திருத்தும் பில்லோ நிரலகத்தில், இரண்டு படங்களைக் கலக்கும் இமேஜ் பிளெண்ட் இருக்கிறது. 80 சதவீதம் வெள்ளை கலந்தால் படத்தின் முழுக் கறுப்புப் புள்ளிகூட 0-விலிருந்து 204க்கு ஏறிவிடும் (255 என்றால் முழு வெள்ளை). அதன் மேல் கறுப்பு எழுத்து வைத்தால் வேறுபாடு சுமார் 13க்கு 1. நீங்கள் கேட்ட அளவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

பாகூரான்:
கணக்கு சரி. ஆனால் அவ்வளவு வெளுத்த பிறகு அது தேவனாம்பட்டினமா வேறு கடலா என்று முதலாளிக்கே தெரியாது. அதற்குப் பதிலாக, லாகின் ஜன்னலில் படத்தை முழு நிறத்தில் வைக்கலாமே. அங்கே இரண்டு பெட்டிதான் இருக்கும்.

கெடிலக்கரை:
எண்களைத் தட்டும் என்ட்ரி பெட்டிகள் எப்படியும் வெள்ளைப் பின்னணியோடுதானே வரும்? அப்புறம் என்ன சிக்கல்?

முதுநகர்க்காரன்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். கேன்வாஸின் மேல் கிரியேட் விண்டோவில் வைத்தாலும் அவை வெள்ளையாகத்தான் இருக்கும்.

பாகூரான்:
தட்டுகிற எண் தெரியும் தம்பி. மொத்தத் தொகை? ஏலம் முடிந்து கவுண்டருக்கு வெளியே நிற்கும் மீனவர் எட்டிப் பார்ப்பது அந்த வரியைத்தான். எத்தனை கிலோ, என்ன விலை, கமிஷன் போக எவ்வளவு என்று அவர் தன் கண்ணாலேயே சரிபார்க்க முடிய வேண்டும். ராத்திரி முழுக்கக் கடலில் கிடந்து வந்தவர் அவர். அந்த வரியில் அலை ஓடக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

முதுநகர்க்காரன்:
மொத்தத் தொகைக்கு வெள்ளைப் பட்டை போடச் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். படத்தையே எடுக்கச் சொன்னால் மாட்டேன்.

கெடிலக்கரை:
லாகினில் முழு நிறப் படம். பில் திரையை வெளுத்த படத்தோடு ஒன்று, படமே இல்லாமல் ஒன்று என்று செய்து, முதலாளியையும் கணக்குப்பிள்ளையையும் சேர்த்து உட்காரவைத்துக் காட்டுகிறேன். படம் போனில் எடுத்தது, ஜேபிஜி. அப்படியே போடலாமா?

பாகூரான்:
வேண்டாம். போட்டோஇமேஜ் பிஎன்ஜி எடுக்கும், அதுவும் டிகின்டருக்கு அடியில் ஓடும் டிகே 8.6 முதல்தான். ஜேபிஜிக்கு பில்லோ வேண்டும். 4000க்கு 3000 அளவுள்ள படம், புள்ளிக்கு 4 பைட் வைத்தால் நினைவகத்தில் 48 எம்பி பிடிக்கும். முதலிலேயே 1366க்கு 768 ஆக்கினால் 4 எம்பிதான்.

முதுநகர்க்காரன்:
ஜன்னலை இழுக்கும்போது படமும் மாற வேண்டுமென்றால் ஜன்னலின் அளவு மாறும்போது வரும் கன்ஃபிகர் நிகழ்வைப் பிடியுங்கள். இழுக்க இழுக்க அது ஓயாமல் வரும், ஒவ்வொரு தடவையும் படத்தை மாற்றினால் திணறும். வேலையைத் தள்ளிப்போடும் ஆஃப்டரில் 200 மில்லி விநாடி தாமதம் கொடுத்து, புதிதாக ஒன்று வந்தால் பழையதை ரத்து செய்யுங்கள்.