டாக்டர் ஹூ 2025 சீசன்: பெலிண்டாவுக்குச் செய்தது சரியா?

நீலப்பெட்டி:
முழுக்க ஸ்பாய்லர். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

டாக்டர் ஹூ தெரியாதவர்களுக்கு ஒரு வரி: காலத்தில் பயணிக்கிற ‘டாக்டர்’ என்கிற வேற்றுக்கிரகவாசியைப் பற்றிய பிபிசி தொடர், சாகும்போது அவர் உடல் மாறி வேறு நடிகர் வருவார். 2025 ஏப்ரல் 12 முதல் மே 31 வரை வந்த எட்டு எபிசோடையும் மறுபடி வரிசையாகப் பார்த்து முடித்தேன். ஃபினாலே பற்றிப் பேசினாலே எல்லோரும் பழைய வில்லன் ஒமேகா எலும்புக்கூடு ராட்சசனாக வந்ததைத்தான் திட்டுகிறார்கள். அது எனக்குப் பெரிய விஷயமே இல்லை. என் கோபம் பெலிண்டா சந்திராவுக்கு நடந்ததைப் பற்றியது.

முதல் எபிசோடை நினைத்துப் பாருங்கள். நர்ஸ் வேலை பார்க்கிற ஒரு பெண், தன்னை அடக்கி ஆளப் பார்த்த பழைய காதலனை உதறிவிட்டு வந்தவள். ரோபோக்கள் அவளைத் தூக்கிக்கொண்டு போய் அரசி ஆக்கப் பார்க்கின்றன, கடைசியில் பார்த்தால் அந்தக் காதலன்தான் வில்லன். எல்லாம் முடிந்த பிறகு டாக்டர் அவளைக் கேட்காமலே டிஎன்ஏவைச் சோதிக்கிறார். அவள் உடனே முகத்துக்கு நேராகச் சண்டை போடுகிறாள், உங்கள் சாகசங்களில் ஒன்றாக என்னைச் சேர்க்காதீர்கள் என்கிற மாதிரி. டாக்டரோடு பயணிக்க இப்படி ஒரு கம்பானியனா என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏழு வாரம் கழித்து அவளை பாப்பி என்கிற குழந்தையோடு ஒரு பெட்டிக்குள் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் சண்டை போடுகிறார்கள், அப்புறம் டாக்டர் நிஜத்தையே கொஞ்சம் நகர்த்தி, அவள் எப்போதுமே பாப்பியின் அம்மா என்று ஆக்கிவிடுகிறார். பழைய காட்சிகளையே திருத்தி, வசனத்தை மாற்றிப் போட்டுக் காட்டுகிறார்கள். மே 24க்குள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவள் துடித்தது இப்போது குழந்தைக்காகவாம்! கேட்காமல் டிஎன்ஏ எடுத்ததற்கே கோபப்பட்டவள், தன் முழு வாழ்க்கையும் மாற்றி எழுதப்பட்டது தெரியாமல் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். பின்னணியில் நெகிழ்ச்சியான இசை வேறு.

காலப்பயணி:
நீங்கள் சொல்கிற கோணம் புரிகிறது, ஆனால் பாதிக் கதையை விட்டுவிட்டீர்கள். ‘ராணி’ என்கிற பெயர்கொண்ட வில்லியின் விருப்ப உலகம் (ஆசைப்பட்டபடி மாற்றி எழுதப்பட்ட உலகம்) கலைந்த பிறகும் பாப்பி டாக்டரின் கால இயந்திரமான டார்டிஸில் இருக்கிறாள். அப்போது எல்லா நினைவும் திரும்பிய பெலிண்டாதான் அவளை மடியில் வைத்துக்கொண்டு, எங்கெல்லாம் கூட்டிப் போகலாம் என்று டாக்டரோடு திட்டம் போடுகிறாள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அப்புறம்தான் குழந்தை மறைந்து, எல்லோரும் அவளை மறந்துபோகிறார்கள். முந்தைய கம்பானியன் ரூபிக்கு மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஒரு குழந்தை இருந்தது, இப்போது இல்லை, அதை யாருமே நம்பவில்லை என்று அவள் அழும்போது, டாக்டர் நம்பி, தன் உயிரையே கொடுத்து மீட்கிறார். இந்தத் தொடரின் அடிப்படையே அதுதானே? ஷூட்டி காட்வாவின் டாக்டர் ஒரு போரில் சாகவில்லை, ஒரே ஒரு குழந்தைக்காகச் சாகிறார். எனக்கு அது போதும்.

இன்னொன்று. ஃபினாலேவை வைத்து மொத்த சீசனையும் தூக்கிப் போடாதீர்கள். ‘லக்ஸ்’ மாதிரி ஒரு எபிசோட் எப்போது வந்தது? 1952 மியாமி தியேட்டரில் கார்ட்டூன் கடவுள், நடுவில் டாக்டரும் பெலிண்டாவும் டிவியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து மூன்று டாக்டர் ஹூ ரசிகர்களையே சந்திக்கிறார்கள், அவர்களுக்குப் பிடித்த எபிசோட் எது என்று கேட்டால் 2007இல் வந்த ‘பிளிங்க்’ என்கிறார்கள், டாக்டர் முகம் சுருங்குகிறது. அந்த மூன்று பேரும் நாம்தான் சாமி.

பழையடாலெக்:
இரண்டு பேரும் தொடர் மறுபடி தொடங்கிய 2005க்கு அப்புறம்தான் உலகம் தோன்றியது மாதிரி பேசுகிறீர்கள். டாக்டர் பெண்களுக்காகத் தானே முடிவெடுப்பது 1964இலேயே தொடங்கிவிட்டது. டாலெக் என்கிற எதிரிகளின் படையெடுப்பு முடிந்ததும் சொந்தப் பேத்தி சூசனை வெளியே நிறுத்தி டார்டிஸைப் பூட்டிவிட்டுக் கிளம்பியவர் முதல் டாக்டர். காதலனோடு நன்றாக இருப்பாய் என்று அவரே முடிவு செய்துவிட்டார். 2008இல் கம்பானியன் டோனா வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சக் கெஞ்ச நினைவை அழித்தார். ஆக, பெலிண்டா விஷயத்தில் புதிதாக எதுவும் நடந்துவிடவில்லை.

என் வருத்தம் வேறு. 1973இல் பார்த்த ஒமேகா முகமூடியைக் கழற்றினால் உள்ளே ஒன்றுமே இருக்காது. உடல் எப்போதோ கரைந்துபோய், மன உறுதி ஒன்றால் மட்டும் இருந்துகொண்டிருந்தவன். தன் இனத்துக்குக் காலப்பயணத்தைக் கொடுத்துவிட்டு அந்த இனத்தாலேயே மறக்கப்பட்டவன். செட் மலிவாக இருந்தாலும் அந்த ஒரு காட்சிக்கு ஈடு உண்டா? இப்போது வந்த ஒமேகா கையை நீட்டி ராணியை வாயில் போட்டுக்கொள்கிறது, டாக்டர் ஒரு கருவியால் சுடுகிறார், உள்ளே போய்விடுகிறது. முடிந்தது. ராணியும் அப்படித்தான். 1985இல் கேட் ஓ'மாரா செய்த ராணிக்கு உலகை ஆளும் வெறி கிடையாது, பரிசோதனைக்கு மனிதர்கள் வெறும் எலிகள், அவ்வளவுதான். அதனால்தான் பயமாக இருந்தது. ஆர்ச்சி பஞ்சாபி மாதிரி நடிகையைக் கூட்டி வந்து, பெயரை மட்டும் சொல்ல வைத்து, தின்னக் கொடுத்துவிட்டார்கள்.

நீலப்பெட்டி:
@பழையடாலெக் டோனாவை நீங்களே எடுத்துக்கொடுத்தது நல்லதாயிற்று. டோனாவுக்கு நடந்தது கொடுமை என்று அந்த எபிசோடுக்கே தெரியும். அவள் தாத்தா அழுகிறார், டாக்டர் மழையில் தனியாக நிற்கிறார். தொடர் அதோடும் நிற்கவில்லை. 2015இல் இன்னொரு கம்பானியன் கிளாராவுக்கு அதையே செய்யப் பார்க்கிறார், என் நினைவு என்னுடையது என்று அவள் மறுக்கிறாள், கடைசியில் நினைவை இழப்பது டாக்டர். 2017இல் பில் என்கிற கம்பானியனின் நினைவை அழிக்கப் போகும்போது, உங்களுக்கு இதை யாராவது செய்தால் எப்படி இருக்கும் என்று அவள் கேட்கிறாள், அவர் கையைக் கீழே இறக்கிவிடுகிறார். ஐம்பது வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு இந்தத் தொடர் ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டது. 2025இல் அதைத் துடைத்துப் போட்டுவிட்டார்கள்.

@காலப்பயணி பாப்பியை அவள் விரும்பினாள், சரி. விண்வெளியில் கூட வரப்போகிற ஒரு குழந்தையை விரும்பியவளுக்கு, தான் பெற்று வளர்த்ததாகப் பல வருஷ வாழ்க்கையைப் புதிதாகப் பொருத்துவது எப்படிச் சரியாகும்? கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பாள் என்பது வேறு, கேட்டார் என்பது வேறு.

சோனிக்:
எனக்கு இது எழுத்தின் பிரச்சினையை விடக் கணக்கின் பிரச்சினையாகத் தெரிகிறது. பெலிண்டா பெலிண்டாவாக எத்தனை எபிசோடில் இருக்கிறாள் என்று எண்ணிப் பாருங்கள். முதல் எபிசோட், ‘லக்ஸ்’, ‘தி வெல்’, இந்த மூன்றில் முழுதாக இருக்கிறாள். ‘லக்கி டே’ ரூபியின் கதை. லாகோஸ் முடிதிருத்தும் கடையில் நடக்கிற எபிசோட் அருமைதான், ஆனால் அது டாக்டரின் எபிசோட். விண்வெளிப் பாட்டுப் போட்டி எபிசோடில் பெரும்பாலும் டாக்டரை விட்டுப் பிரிந்து நிற்கிறாள். ‘விஷ் வேர்ல்ட்’டில் அவள் வேறு ஆள். ஃபினாலேவில் பெட்டி. வரதா சேது மாதிரி நடிகைக்கு இவ்வளவுதானா இடம்? 2005 முதல் 2010 வரை சீசனுக்குப் பதின்மூன்று இருந்தது, 2018இல் பத்து ஆனது, இப்போது எட்டு. டோனா வீட்டுக்குப் போய் அம்மாவோடு சண்டை போடவே நேரம் இருந்தது.

பழையடாலெக்:
பதின்மூன்றா! முதல் சீசனில் 42 எபிசோட் அம்மா.

சோனிக்:
அதில் பாதி நேரம் ஒரே தாழ்வாரத்தில் முன்னும் பின்னும் ஓடியதையும் சேர்த்துச் சொல்லுங்கள் ஐயா. 42 வேண்டாம். ஆனால் எட்டில் இரண்டை ஃபினாலேவுக்கும் ஒன்றை ரூபிக்கும் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் ராணி, ஒமேகா, சூசன், பாப்பி, கான்ராட் என்று எல்லோரையும் திணித்தால் யாருக்குத்தான் மூச்சு விட முடியும்? ‘தி வெல்’ ஏன் வேலை செய்தது? ஒரு கிணறு, ஒரு பெண், அவள் முதுகுக்குப் பின்னால் ஏதோ ஒன்று. 2008இல் வந்த ‘மிட்நைட்’ கிரகம்தான் அது என்று பாதியில் தெரியும்போது உடம்பு சிலிர்க்கிறது, ஆனால் அது தெரியாதவருக்கும் கதை முழுசாக இருக்கிறது. பழசைக் கொண்டுவந்தால் அப்படிக் கொண்டுவர வேண்டும்.

நடுநிசி:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். டாக்டர் கடைசியில் பில்லி பைப்பராக மாறுகிறாரே, டைட்டிலில் அவரை ‘அறிமுகம்’ என்று மட்டும் போட்டார்களே, டாக்டராக என்று போடவில்லையே, யாராவது கவனித்தீர்களா? 2005இல் அவர் நடித்த கம்பானியன் ரோஸாகவே இருக்கலாம் இல்லையா?

நீலப்பெட்டி:
கவனித்தோம். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், இங்கே அதை ஆரம்பித்தால் பெலிண்டா மறுபடி பெட்டிக்குள் போய்விடுவாள்.

காலப்பயணி:
@சோனிக் நெருக்கடி இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த சீசனின் முதன்மை எழுத்தாளர் ரஸ்ஸல் டி டேவிஸின் ஃபினாலே எப்போது தர்க்கத்துக்குக் கட்டுப்பட்டது? 2005இல் ரோஸ் டார்டிஸின் இதயத்தைப் பார்த்துவிட்டு வந்து டாலெக் படையைத் தூசியாக்கினாள். 2007இல் உலகமே ஒரே நேரத்தில் டாக்டர் பெயரை நினைத்ததும் அவர் ஒளி வீசிக்கொண்டு பறந்து எழுந்தார். அன்றைக்கும் ரசிகர்கள் இதே மாதிரிதான் கத்தினார்கள், இன்றைக்கு அதே எபிசோடுகளைப் பொற்காலம் என்கிறோம். அவர் எழுதுவது உணர்ச்சி. விதிகள் அவருக்கு அலங்காரம்.

@நீலப்பெட்டி ராணி தூண்டி கான்ராட் தன் ஆசைப்படி விருப்ப உலகத்தை உருவாக்கினபோது, பெண்கள் வீட்டில் அடங்கிக் கிடக்கிற உலகம் தப்பு என்று தொடர் தெளிவாகவே சொல்லிவிட்டது. பெலிண்டா கடைசியில் தனி அம்மாவாக, வேலைக்குப் போகிற நர்ஸாக இருக்கிறாள். இரண்டும் ஒன்றில்லை.

நீலப்பெட்டி:
அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கான்ராட் எல்லோருடைய வாழ்க்கையையும் தன் இஷ்டத்துக்கு எழுதினால் வில்லன். அடுத்த எபிசோடில் டாக்டர் ஒருத்தியின் வாழ்க்கையை எழுதினால் தியாகம். என்ன எழுதினார்கள் என்பதில் வித்தியாசம் இருக்கலாம், யாரைக் கேட்டு எழுதினார்கள் என்பதில் இல்லை. முந்தைய டாக்டரான ஜோடி விட்டேக்கரின் டாக்டர் நடுவில் வருகிறாரே, அவராவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ரோஸ் டாலெக்கை அழித்தது தர்க்கப் பிழைதான், ஆனால் அதை ரோஸே முடிவெடுத்துச் செய்தாள். என் புகார் தர்க்கம் பற்றியதில்லை என்று எத்தனை தடவை சொல்வது?

சோனிக்:
இதைச் சரிசெய்ய ஒரே காட்சி போதும். யாராவது, ரூபியே கூட, உட்கார்ந்து பெலிண்டாவிடம் நடந்ததைச் சொல்ல வேண்டும். அவள் கோபப்படட்டும், இல்லை மகளைக் கட்டிக்கொண்டு பரவாயில்லை என்று சொல்லட்டும், முடிவு அவளுடையதாக இருக்கும். பிபிசியோடு கூட்டு சேர்ந்திருந்த டிஸ்னி விலகிவிட்டாலும் 2026 கிறிஸ்துமஸுக்கு ரஸ்ஸல் எழுதும் சிறப்பு எபிசோட் உண்டு என்று பிபிசி அறிவித்திருக்கிறது. இடம் இருக்கிறது.

பழையடாலெக்:
நம்பிக்கையோடு இருங்கள். ஒருநாள் திரும்பி வருவேன் என்று 1964இல் சூசனிடம் சொன்னார். இந்த சீசனில் பாட்டுப் போட்டிக்கு நடுவே அவள் முகத்தை மட்டும் காட்டிவிட்டு ஃபினாலேவில் பேச்சையே எடுக்கவில்லை. பெலிண்டா வரிசையில் அவளுக்குப் பின்னால்தான்.